பாதுகாப்புத் தரவுத்தாள்

தொழிற்கூடங்களில் எம்எஸ்டிஎஸ் என்றும் இப்போது எஸ்டிஎஸ் ('சேஃப்டி டேட்டா ஷீட்') என்றும் வழங்கும் ஆவணத்துக்கு நல்ல தமிழ், பாதுகாப்புத் தரவுத்தாள். ஒரு வேதிப்பொருளால் என்ன கெடுதல் வரும், மேலே பட்டாலோ சிந்தினாலோ தீப்பிடித்தாலோ என்ன செய்ய வேண்டும் என்பதைத் தயாரிப்பாளரே எழுதித் தரும் தாள் அது.

'டேட்டா' என்ற இலத்தீன் சொல்லுக்கு 'தரப்பட்டவை' என்று பொருள். அதன் வேர் 'டாரே', அதாவது கொடுத்தல். தமிழிலும் வா என்பதிலிருந்து வரவு வந்தது போல, தா என்பதிலிருந்து தரவு. இத்தனை நேராகப் பொருந்தும் கலைச்சொல் அரிது. கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் தரவு என்றே பெயர். சொல் பழையது, பொருள்தான் புதிது. 'தகவல் தாள்' என்பதும் பிழையல்ல. ஆனால் இந்தத் தாளுக்கு உயிர் அதிலுள்ள அளவுகள் என்பதால் தரவு என்பதே பொருத்தம். சொற்களை இடம் மாற்றித் 'தரவுப் பாதுகாப்பு' என்று எழுதிவிடக்கூடாது. அது கணினித் திருட்டைத் தடுக்கும் வேலை.

எம்எஸ்டிஎஸ் என்பதில் எம் என்ற எழுத்து 'மெட்டீரியல்' என்பதைக் குறித்தது. அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 1983இல் வெளியிட்ட விதி, இத்தாளைத் தொழிலாளருக்குக் கிடைக்கச் செய்வதைக் கட்டாயமாக்கியது. வடிவம் மட்டும் ஆளுக்கொன்றாக இருந்தது. வேதிப்பொருள்களை எங்கும் ஒரே விதமாக வகைப்படுத்தும் ஐநாவின் உலகளாவிய ஒத்திசைவு முறை 2003இல் வெளியாகி, தாளுக்கு 16 பகுதிகளை வகுத்தது. ஓஷா 2012இல் அதை ஏற்றபோது எம் உதிர்ந்தது.

தரவு என்றாலும், அது யாருக்குத் தரப்பட்டது? நெடுங்காலம் ஆலைக்குள் இருந்த கோப்போடு சரி. ஆலைக்கு அடுத்த தெருவில் குடியிருப்பவர் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டியிருந்தது. 1990களில் பல்கலைக்கழகங்களும் தயாரிப்பாளர்களும் இணையத்தில் ஏற்றத் தொடங்கிய பிறகே அது எல்லோருக்கும் தரப்பட்டதாயிற்று. 2004இல் வேதிப்பொருள் விவரங்களைத் தொகுக்கும் பப்கெம் தரவுத்தளம் இலவசமாகத் திறந்தது.

வந்த சிக்கலும் இணையத்தாலேதான். பழைய படிகள் அழியாமல் சுற்றுகின்றன; வேறு செறிவுக்கான தாளும் கையில் சிக்கும். 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடின் தாளை வைத்துக்கொண்டு 30 விழுக்காட்டுக் கரைசலைக் கையாண்டால் தோல் வெந்துபோகும். எனவே தேடும்போது பொருளின் பெயரோடு தயாரிப்பாளர் பெயரையும் செறிவையும் சேர்த்துத் தேடுங்கள். கிடைத்த தாளில் திருத்திய தேதியைப் பாருங்கள். பிறகு உட்பொருள்களைச் சொல்லும் 3ஆம் பகுதியிலுள்ள சிஏஎஸ் எண்ணை, அதாவது ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உரிய தனி அடையாள எண்ணைச் சரிபாருங்கள். அசிட்டோனுக்கு 67-64-1. கடைசி இலக்கம் சோதனை இலக்கம்: அதை விட்டு, வலமிருந்து இடமாக 4×1, 6×2, 7×3, 6×4 எனப் பெருக்கிக் கூட்டினால் 61, அதன் கடைசி இலக்கம் 1. பொருந்தாவிட்டால் எண்ணைத் தவறாக எழுதியிருக்கிறார்கள்.

வீட்டில் புழங்குவோர் தவறாமல் படிக்க வேண்டியது 10ஆம் பகுதி: எதனோடு எதைச் சேர்க்கக்கூடாது என்பது அங்கேதான் இருக்கும். சோடியம் ஹைப்போகுளோரைட் கலந்த ப்ளீச்சோடு அமிலக் கழுவி சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

நச்சுத்தன்மையைச் சொல்லும் 11ஆம் பகுதியில் 'தரவு இல்லை' என்றிருந்தால் நச்சு இல்லை என்று படித்துவிடாதீர்கள். சோதனை முடிவு கைவசம் இல்லை, அவ்வளவே. 3ஆம் பகுதியில் வணிக இரகசியம் என்று உட்பொருளின் பெயரை மறைத்திருந்தால், 1ஆம் பகுதியிலுள்ள அவசரத் தொலைபேசி எண்ணைக் குறித்துவைத்து, விபத்து நேர்ந்தால் மருத்துவரிடம் தாளோடு கொடுங்கள்.