ஆச்சியின் கல்லும் கைமுறிவும்

முகப்பு நிலைப்படியில் கால் இடறிக் கையை ஊன்றியிருக்கிறார். மணிக்கட்டு முறிந்துவிட்டது. 65 வயது ஆச்சி. பிள்ளைகள் சிங்கப்பூரில், இரட்டைக்கட்டு வீட்டில் தனியாள். "வயசாச்சுல்ல தம்பி, எலும்பு தேயத்தானே செய்யும்" என்று அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார். நானும் தலையாட்டிவிட்டுக் கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தேன். அது என் தப்பு.

இரண்டு மாதம் கழித்து மலச்சிக்கல், தீராத அசதி, ஓயாத தாகம் என்று காரைக்குடியில் என் கிளினிக்குக்கு மறுபடி வந்தார். பேச்சுவாக்கில், சிறுநீரகக் கல் இரண்டு தடவை வந்ததையும் வாழைத்தண்டுச் சாறு குடித்துச் சமாளித்ததையும் சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்லும் முறிவும் ஒரே ஆளிடம் இருந்தால் ரத்தத்தில் கால்சியம் பார்க்காமல் விடக் கூடாது. பார்த்தோம், 11.8 இருந்தது. டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரைதான் சரியான அளவு.

கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால், பருப்பு அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன. பெயரில்தான் உறவு, வேலை வேறு. உடம்பிலுள்ள கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. எலும்பைப் பெட்டகம் என்று வையுங்கள், பாராதைராய்டு கணக்குப்பிள்ளை. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் பிடிஎச் என்ற ஹார்மோனைச் சுரந்து பெட்டகத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும், சிறுநீரில் வீணாகாமலும் பிடிக்கும். போதும் என்றால் நிறுத்திக்கொள்ளும். ஒரு சுரப்பியில் கட்டி வந்தால் இந்த நிறுத்தம்தான் கெட்டுப்போகிறது. எடுத்துக்கொண்டே இருக்கும். எலும்பு கரையும், ரத்தத்தில் மிஞ்சியது சிறுநீரில் வழிந்து கல்லாகும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது அதிகம். கட்டி என்றதும் பயப்பட வேண்டாம், புற்றுநோயாக இருப்பது மிக அபூர்வம்.

ஆய்வக ரிப்போர்ட்டில் ஒரு பொறி உண்டு. கால்சியம் கூடினால் பிடிஎச் அடங்கிப்போக வேண்டும். அடங்காமல் 'நார்மல்' என்று அச்சாகி வந்தாலும் அது நார்மல் இல்லை. கால்சியம், அல்புமின் என்ற ரத்தப் புரதம், பிடிஎச், வைட்டமின் டி, சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியேட்டினின் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். சில வகை நீர் மாத்திரைகளும் மனநலத்துக்குத் தரும் லித்தியமும்கூடக் கால்சியத்தை ஏற்றும். சாப்பிடும் மாத்திரைச் சீட்டை மறக்காமல் கொண்டு வாருங்கள். இன்னொன்று, கால்சியம் கூடுதல் என்றதும் பாலை நிறுத்திவிடுகிறார்கள். அளவாகக் குடிக்கலாம். நானாக எழுதிக் கொடுத்த மாத்திரையைத்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

இதற்கு நேர்மாறும் உண்டு. தைராய்டு ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு உதட்டைச் சுற்றி மரமரப்பு, விரல்கள் இழுத்துக்கொள்வது என்று வந்தால் வாயு, பலவீனம் என்று காத்திருக்காதீர்கள். பாராதைராய்டு அடிபட்டுக் கால்சியம் இறங்கியிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆச்சிக்கு ஸ்கேனில் இடப்பக்கக் கீழ்ச் சுரப்பி பெரிதாகத் தெரிந்தது. மதுரையில் ஆபரேஷன் செய்து அதை எடுத்தார்கள். முடிந்து வந்ததும் கையில் மறுபடி கால்சியம் மாத்திரை. பசித்துக் கிடந்த எலும்பு ரத்தத்திலிருந்து கால்சியத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் கொஞ்ச நாளைக்கு அது தேவை.

"வேண்டாம்னு நிறுத்துனீங்க, இப்ப இவுக வேணுங்கிறாக. ஒரு முடிவுக்கு வாங்க தம்பி" என்றார் ஆச்சி.