மறுமுத்திரைப் பை வேண்டாம், கவ்வுப் பை போதும்

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பக்கத்துத் தமிழ்க் கடைகளில் சாம்பார்ப் பொடி, சுண்டைக்காய் வத்தல், முறுக்கு எல்லாம் இப்போது ஜிப் வைத்த பையில் வர ஆரம்பித்துவிட்டன. மும்பை மழைக்காலத்து ஈரத்தில் பிரித்த பொட்டலம் ஒரே நாளில் நமத்துப்போகிற ஊர் இது. அதனால் பை வந்தது நல்லதுதான். பையின் பின்பக்கத்தில் தமிழில் அச்சாகும் வரிகளைப் படிக்கத்தான் முடியவில்லை. ‘மறுமுத்திரையிடக்கூடிய பை’ என்று ஒன்றில் இருக்கிறது. ‘மீண்டும் முத்திரையிடத்தக்க உறை’ என்று இன்னொன்று. போன மாதம் கைக்கு வந்த பையில் இதோடு ‘கண்ணீர் எதிர்ப்பு’ என்றும் போட்டிருந்தார்கள்.

கண்ணீரை முதலில் முடித்துவிடலாம். ஆங்கிலத்தில் கிழிசலுக்கும் கண்ணீருக்கும் எழுத்து ஒன்றேதான். கிழிசலை ‘டேர்’ என்றும் கண்ணீரை ‘டியர்’ என்றும் வாசிப்பார்கள். இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டெடுத்து, ஒரு தடவைகூட வாய்விட்டுப் படிக்காமல் அச்சுக்கு அனுப்பினால் கிழியாத பை கண்ணீரை எதிர்க்கும் பையாகிவிடுகிறது. தமிழ் தெரிந்த ஒருவர் அரை நிமிடம் பார்த்திருந்தால் போதும். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

விவாதம் ‘ரீசீலபிள்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் போட்ட ‘முத்திரை’யில்தான் இருக்கிறது. காரணம், படித்தவர்களே இதை ஆதரிக்கிறார்கள். “அகராதியில் சீல் என்றால் முத்திரைதானே, மறுபடி செய்வதால் மறுமுத்திரை, இதில் என்ன தப்பு?” என்று இங்கே ஒரு தமிழ் அமைப்பின் கூட்டத்திலேயே கேட்டார்கள்.

தப்பு இருக்கிறது. சீல் என்ற சொல் லத்தீனில் ‘சின்ன அடையாளம்’ என்ற பொருள் கொண்ட ‘சிகில்லம்’ என்பதிலிருந்து வந்தது. கடிதத்தை மடித்து, அரக்கை உருக்கி ஊற்றி, அதன்மேல் மோதிரத்தை அழுத்துவார்கள். அடையாளம் வைப்பதும் மூடுவதும் ஒரே செயலாக நடந்ததால், ‘இறுக மூடு’ என்ற இரண்டாம் பொருளும் அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டது. பைக்காரர்கள் எடுத்துக்கொண்டது இந்த இரண்டாம் பொருளை மட்டும். தமிழில் முத்திரைக்கு அந்த இரண்டாம் பொருள் கிடையாது. தபால் முத்திரை, முத்திரைத்தாள், பரதத்தில் கை காட்டும் முத்திரை, ‘தனி முத்திரை பதித்தார்’ என்று எங்கே எடுத்தாலும் அது அடையாளம்தான். வடமொழி ‘முத்ரா’விலிருந்து வந்த சொல் என்பதற்காக நான் தள்ளவில்லை. தூய தமிழில் ‘மறுபொறி’ என்று மாற்றினாலும் தப்பு தப்பாகவேதான் இருக்கும்.

மூடுவது வேறு, முத்திரை வைப்பது வேறு என்பது நம் முன்னோருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அகநானூற்றின் 77ஆம் பாட்டில் ஓலைகள் போட்ட குடம் ஒன்று வருகிறது. அதைக் ‘கயிறு பிணிக் குழிசி’ என்கிறார் புலவர். அதிலிருந்து ஓலையை எடுக்க வருகிறவர்கள் ‘பொறி கண்டு அழிக்கும்’ ஆவண மாக்கள். குடத்தின் வாயை மூடியிருப்பது கயிறு. யாரும் இடையில் கை வைக்கவில்லை என்பதற்குச் சாட்சி பொறி, அதாவது முத்திரை. முதலில் பொறியைப் பார்க்கிறார்கள், அப்புறம் அழிக்கிறார்கள். அழித்தபின் அது போனதுதான். முத்திரையின் குணமே அது: ஒருமுறை உடைந்தால் உடைந்தது. உடைத்ததை ஓசைப்படாமல் திரும்ப வைக்க முடியுமென்றால் அதற்குப் பெயர் முத்திரை இல்லை, மோசடி.

இது புலவர் சண்டை இல்லை, சாப்பாட்டு விஷயம். ஒரு பொடிப் பையை எடுத்துப் பாருங்கள். மேல் ஓரத்தில் சூடு வைத்து ஒட்டிய பட்டை இருக்கும். அதைக் கிழித்தால்தான் உள்ளே ஜிப் தெரியும். மேலே இருப்பதுதான் உண்மையான முத்திரை. கடையில் யாரும் திறக்கவில்லை என்பதற்குச் சாட்சி. ‘முத்திரை உடைந்திருந்தால் வாங்காதீர்கள்’ என்று மருந்துப் பாட்டிலில் போடுவதும் அந்தப் பொருளில்தான். கீழே உள்ள ஜிப்பையும் முத்திரை என்று எழுதினால், எது உடைந்திருந்தால் வாங்கக்கூடாது? தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பாட்டி ஜிப்பை அழுத்திப் பார்த்துவிட்டு, முத்திரை சரியாக இருக்கிறது என்று ஏற்கெனவே பிரித்த பையை வாங்கிவிட மாட்டாரா? இரண்டு வேலைக்கு ஒரே சொல்லைக் கொடுத்தவர் இதை யோசித்தாரா என்பதுதான் என் கேள்வி.

சரி, மூலச் சொல் என்ன? ‘ஜிப்’ என்பது ஓசையைப் பார்த்து வைத்த பெயர். நாம் ‘சர்’ரென்று சொல்வது மாதிரி. 1923ல் குட்ரிச் கம்பெனி தன் ரப்பர் காலணிகளுக்கு வைத்த பெயர் ‘ஸிப்பர்’. அது பிறகு அந்தக் காலணியை மூடிய இழுவைக்கே பெயராகிவிட்டது. டென்மார்க்குக்காரரான போர்கே மாட்ஸன் பல்லே இல்லாத பிளாஸ்டிக் ஜிப் ஒன்றைச் செய்தார். 1951ல் அமெரிக்காவில் ஆஸ்னிட் குடும்பம் அதன் உரிமையை வாங்கியது. 1968ல் டவ் கெமிக்கல் ‘ஸிப்லாக்’ என்ற பெயரில் வீட்டு உபயோகப் பைகளைக் கொண்டுவந்தது. ஆகவே ‘ஜிப்லாக்’ ஒரு கம்பெனியின் வணிகப் பெயர். பேச்சில் ‘ஜிப் கவர்’ என்று சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. மஸ்ஜித் பந்தர் மொத்தக் கடையில் போய் வேறெப்படியும் கேட்க முடியாது. எழுதும்போது நமக்கென்று ஒரு சொல் வேண்டும்.

அந்தச் சொல்லுக்கு ஒரு நண்பர் ‘பல்லிணைப் பை’யை முன்வைத்தார். அக்கறையுள்ளவர், தமிழ் நன்றாகத் தெரிந்தவர், அதனால்தான் பதில் சொல்கிறேன். பேன்ட் ஜிப்புக்குப் பல் உண்டு. இரண்டு வரிசைப் பற்கள் ஒன்றுக்குள் ஒன்று இணைவதால் அது மூடுகிறது. இந்தப் பையில் பல்லே இல்லை. ஒரு பக்கம் நீளமாக ஒரு வரம்பு, எதிர்ப்பக்கம் நீளமாக ஒரு பள்ளம். விரலால் அழுத்தினால் பள்ளத்தின் இரு உதடுகளும் விரிந்து வரம்பை உள்ளே வாங்கி, அதன் தலையைப் பிடித்துக்கொள்கின்றன. பொருளைக் கண்ணால் பார்க்காமல், ஆங்கிலத்தில் ஜிப் என்று இருக்கிறதே என்று அந்தச் சொல்லை மட்டும் பார்த்துப் பெயர் வைத்தால் இல்லாத பல் முளைக்கிறது. ‘பூட்டுப் பை’யும் வேண்டாம். பூட்டுதல் என்றால் பிணைத்தல் என்பது உண்மைதான். ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம். ஆனால் இன்றைக்குப் பூட்டு என்றால் சாவி நினைவுக்கு வருகிறது. இந்தப் பை எதையும் காவல் காப்பதில்லை.

நான் சொல்வது கவ்வுப் பை. பள்ளம் வரம்பைக் கவ்வுகிறது, வேறொன்றும் இல்லை. பையின் திறப்பை நாம் எப்போதும் ‘வாய்’ என்றுதான் சொல்லி வருகிறோம். மூட்டையின் வாய், சாக்கின் வாய். வாய் செய்கிற வேலை கவ்வுவது. தமிழ் பைக்குப் பெயர் வைக்கும் முறைக்கும் இது பொருந்துகிறது. பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப் பை, வாயைச் சுருக்கி மூடுவதால் அந்தப் பெயர் பெற்றது. ஆயிரம் தடவை திறந்து மூடலாம், ஆனாலும் அதில் ‘மறு’ என்ற ஒட்டே இல்லை. திரும்பத் திரும்ப மூடுவது பைக்கு இயல்பு, அதைச் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. ‘மண்ணைக் கவ்வினான்’ என்று தோல்விக்குச் சொல்கிறோமே, சொல் கெட்டதாயிற்றே என்று ஒருவர் கேட்டார். நாய் தன் குட்டியைத் தூக்கிப் போவதும் கவ்வித்தான். பல் படாமல், நழுவாமல் பிடிப்பதற்கு இதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

இனி கிழிவதைப் பற்றி. தமிழ் இங்கே பணக்கார மொழி; அதை அனுபவிக்கத் தெரியாமல் எல்லாவற்றையும் ‘கிழிதல்’ என்று ஒன்றாக்கிவிடுகிறோம். தாராவியில் பொடி வியாபாரம் செய்யும் ஓர் அம்மா கடைக்காரரிடம் சொன்னது இது: “அண்ணாச்சி, இந்தக் கவரு கிழியல, வாய் பிஞ்சு வருது.” துணி, தாள், வாழையிலை கிழியும். கயிறு அறும். தைத்த இடமும் ஒட்டிய இடமும் பிய்யும். அவர் சொன்னது மிகச் சரியான நோய்க்குறிப்பு. கவ்வின், அதாவது வரம்பும் பள்ளமும் சேர்ந்த பட்டையின், இரு முனைகளையும் பையின் பக்கவாட்டில் சூட்டில் நசுக்கி ஒட்டியிருப்பார்கள். அங்கே தடித்த கவ்வும் மெல்லிய பிளாஸ்டிக் தாளும் சந்திக்கின்றன. உருகி ஆறிய இடம், கூரான மூலை. இழுக்கும் விசை முழுவதும் அந்த மூலையில் வந்து குவிகிறது. ஓட்டை அல்லது வெட்டின் முனை எவ்வளவு கூராக இருக்கிறதோ அவ்வளவு அதிகமாக விசை அங்கே குவியும் என்று 1913லேயே இங்லிஸ் என்ற பொறியாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். எனவே முதலில் ஒட்டு பிய்கிறது, அந்தப் பிய்ந்த முனையிலிருந்து தாள் கிழிகிறது. இரண்டு வினை, இரண்டு சொல். தயாரிப்பாளருக்கு எழுதும் புகாரில் எது நடந்தது என்று சரியாகச் சொன்னால் அவர் எதைத் திருத்த வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

திருத்தவும் வழி இருக்கிறது. வாயின் இரு உதடுகளில் ஒன்றைச் சற்று உயரமாக விட்டால் விரல் உடனே பிடித்துக்கொள்ளும். நகத்தால் கீறிப் பிரிக்க வேண்டியதில்லை. உதட்டில் சிறு வரிகள் வைத்தால் எண்ணெய்க் கை வழுக்காது. கவ்வின் கொக்கியை இரு பக்கமும் ஒரே மாதிரி செய்யாமல், வெளியிலிருந்து இழுத்தால் எளிதாகவும், உள்ளிருந்து பொருள் தள்ளினால் கடினமாகவும் திறக்கும்படி அமைக்கிறார்கள். மூலையின் கூரை வளைவாக்கலாம். கடைக்காரர்கள் ‘எல்.டி.’ என்று சொல்லும் சாதாரணப் பாலிதீனோடு எல்.எல்.டி. வகையைக் கலந்தால் தாள் கூடுதலாகத் தாங்கும். மைக்ரானை, அதாவது தாளின் தடிமனைக் கூட்டுவது மட்டும் வழியில்லை. தடித்த தாளில் சரியில்லாத ஒட்டு இருந்தால் வாய் பிய்யத்தான் செய்யும்.

இவ்வளவையும் ‘கிழிப்பு எதிர்ப்பு’ என்று எழுதுகிறார்கள், கண்ணீரிலிருந்து தப்பித்தவர்கள். எதிர்ப்பு என்பது மனம் உள்ளது செய்யும் காரியம். ஊர் எதிர்க்கும், கட்சி எதிர்க்கும். நோய் எதிர்ப்புச் சக்தி என்று சொல்வது பொருந்துகிறது, உடம்பு உண்மையிலேயே போராடுகிறது. பாலிதீன் தாள் போராடுவதில்லை. இழுப்பைப் பொறுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அதற்குத் தமிழில் தாங்குதல் என்று பெயர். வழியோரக் கல் சுமைதாங்கி. கோபுரத்துக் கம்பி இடிதாங்கி. இடிதாங்கிக்குப் பெயர் வைத்தவர் ‘மின்னல் எதிர்ப்பான்’ என்று வைக்காதது நம் அதிர்ஷ்டம். அந்த வழியில் போனால் கிழிதாங்கு பை, கிழிதாங்கு திறன் என்று தானாக வரும். ‘கிழியாத பை’ என்று விளம்பரம் செய்வது பொய். எல்லாத் தாளும் ஓர் அளவுக்கு மேல் கிழியும். அந்த அளவைக் காண எல்மென்டார்ஃப் சோதனை என்று ஒன்று உண்டு: தாளில் முன்கூட்டியே ஒரு வெட்டுப் போட்டு, ஊசல் ஒன்றை வீசி, அது மிச்சத்தைக் கிழிக்க எவ்வளவு ஆற்றல் செலவானது என்று பார்ப்பார்கள். தாள் இயந்திரத்தில் ஓடிய வாக்கில் ஓர் அளவு, குறுக்கு வாக்கில் இன்னோர் அளவு வரும். நெசவாளரிடம் கேட்டால் பாவு வாக்கு, ஊடை வாக்கு என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவார். அந்தச் சொற்களையே எடுத்துக்கொள்ளலாம்.

கிழி என்ற சொல்லுக்கே பையோடு உறவு உண்டு. கிழித்த துணித்துண்டுக்குக் கிழி என்று பெயர். அதில் பொன்னை முடிந்து கொடுத்தது பொற்கிழி. கிழிவதும் பையும் ஒரே சொல்லில் இருக்கும் மொழியில் கண்ணீரைக் கொண்டுவந்து அச்சடிக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

மொழிபெயர்ப்பாளர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ஒரு சொல்லுக்கு இத்தனை பைசா என்று பேசி, பொருளைக் கையில் கொடுக்காமல், பட்டியலை மட்டும் அனுப்புகிறார்கள். பையைப் பார்க்காதவருக்கு அது கவ்வுவது எப்படித் தெரியும்? ஆனாலும் ‘முத்திரை’ என்று எழுதும்போது கை ஒரு கணம் நிற்க வேண்டாமா? மும்பையில் வளரும் நம் பிள்ளைகளுக்கு வீட்டுக்குள் அச்சாகி வரும் தமிழ் மிகக் குறைவு. பைக்கு இந்தியில் ‘தைலி’யும் மராத்தியில் ‘பிஷ்வி’யும் தெரிந்த பிள்ளை ‘பை’ என்று எழுத்துக்கூட்டிப் படிப்பது இந்தப் பொடிப் பைகளில்தான். அங்கே வரும் தமிழ் தப்பாக இருந்தால் அதைத் திருத்த வேறு தாள் அந்த வீட்டுக்கு வருவதில்லை.

பொடி, வத்தல் போட்டு விற்பவர்கள் இதை அப்படியே எடுத்து அச்சடித்துக்கொள்ளலாம்: ‘கிழிதாங்கு கவ்வுப் பை. மேல் முத்திரை உடைந்திருந்தால் வாங்காதீர்கள். ஓரத்து வெட்டில் தொடங்கி மேல்பட்டையைக் கிழிக்கவும். எடுத்தபின் கவ்வை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் அழுத்தி மூடவும்.’ இழுப்பான் வைத்த பைகளுக்கு இழுகவ்வுப் பை என்று போடலாம். கடைசி வரியில் மட்டும் ‘இழுப்பானை ஓரம் வரை இழுத்து மூடவும்’ என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.