சோள விதையோடு பட்டத்தையும் பதிவு செய்வோம்

பல்லடம், காங்கேயம், தாராபுரம் வட்டாரத்து மானாவாரிக் காடுகளில், அதாவது மழையை நம்பிய விளைநிலங்களில், சோளம் மனிதருக்கும் மாட்டுக்கும் சேர்த்தே விதைக்கப்பட்டது: தவசம் என்னும் தானியம் வீட்டுக்கு, தட்டு என்னும் தாள் மாடு கட்டும் கட்டுத்தரைக்கு. 1964இல் வெளியான சி.எஸ்.எச்.1 முதலிய வீரிய ஒட்டு ரகங்கள் தவசத்தைக் கூட்டித் தட்டைக் குட்டையாக்கின. பின்னர் கோழித் தீவனத்துக்கான மக்காச்சோளம் பல காடுகளைப் பிடித்துக்கொண்டது. எஞ்சியிருக்கும் மஞ்சள் சோளத்தையும் செஞ்சோளத்தையும் காப்பதென்றால் எதைச் சேகரிக்க வேண்டும் என்பதில் தெளிவு தேவை.

நாட்டு ரகத்தில் எல்லாச் செடிகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. சோளம் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் என்பதால், ஒரு கதிரின் மணிகளுக்குள் வேறுபாடு குறைவு. காடு முழுவதிலும் பார்த்தால் அதிகம். வறட்சியைத் தாங்கும் ஒரு பண்பு நூற்றில் ஐந்து செடிகளில் மட்டும் இருப்பதாகக் கொள்வோம். பருத்த கதிர் ஒன்றை மட்டும் ஒடித்து வந்தால் அது நழுவிவிடுவது ஏறக்குறைய உறுதி. பரவலாக 10 கதிர்கள் எடுத்தாலும் அகப்படும் வாய்ப்பு 40 விழுக்காடுதான். 59 கதிர்கள் எடுத்தால்தான் அது 95 விழுக்காட்டை எட்டும். ஆகவே சிறுத்த கதிரையும் வளைந்த கதிரையும் ஒதுக்காமல், காட்டின் குறுக்கே நடந்து வரிசையாக எடுப்பதே சரியான முறை.

விதை கிடைத்தபின் எழுதவேண்டியவற்றுள் முதலாவது பட்டம், அதாவது விதைக்கும் பருவம். கொங்கு நாடு 11 பாகை வட அகலாங்கை ஒட்டி இருப்பதால், இங்கே ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒன்றேகால் மணி நேரமே வேறுபாடு. அந்தச் சிறு வேறுபாட்டையும் சோள இலையிலுள்ள பைட்டோகுரோம் என்னும் நிறமி உணர்ந்துகொள்கிறது. பகல் நீளத்துக்கு இணங்கிப் பூக்கும் நாட்டு ரகத்தைச் சித்திரையில் விதைத்தால், கதிர் தள்ளாமல் தட்டாகவே நெடுநாள் வளரும். புரட்டாசியில் விதைத்தாலோ, பகல் குறுகிக்கொண்டே வருவதால், வடகிழக்குப் பருவமழையின் ஈரம் வற்றுமுன் கதிர் வாங்கிவிடும். ஊர்ப் பெயர் மட்டும் எழுதிய பொட்டலத்தை யாரோ தவறான மாதத்தில் விதைத்துப் பார்த்து, விளையாத ரகம் என்று தள்ளிவிட்டால், குற்றம் விதையினுடையதன்று.

சேமிப்பு முறையையும் அவ்வாறே எழுதவேண்டும். விதையின் ஈரப்பதம் 14 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காட்டை நோக்கி ஒவ்வொரு விழுக்காடாகக் குறையும்போதும் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும். நன்றாக வெயிலில் காயவைத்து, சாம்பல் கலந்து மொடா என்னும் பெரிய பானையில் இட்டு, வாயை மண்ணால் பூசிய வழக்கம் இவ்விதியைத்தான் பின்பற்றியது. சாம்பல் ஈரத்தை வாங்குவதோடு வண்டையும் தடுக்கும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இராமையா மரபணு வங்கியைப் போன்ற இடங்கள் குளிரையும் துணைக்குச் சேர்க்கின்றன. ஆனால் வங்கி விதையும் முளைப்புத்திறன் குறையும்போது மறுபடி விதைக்கப்பட்டே ஆகவேண்டும். அப்போது அயல் மகரந்தம் கலவாதிருக்கப் பூக்குமுன் கதிர்களுக்கு உறை மாட்டுகிறார்கள்.

மாட்டுக்குப் போடும் முறையும் பதிவாக வேண்டும். இளஞ்சோளத்திலும், வறட்சியில் வாடிய சோளத்திலும், அறுத்த தூரில் மீண்டும் துளிர்க்கும் மறுதாம்பிலும் தூரின் என்னும் பொருள் மிகுந்திருக்கும். மாடு மென்றதும் அதிலிருந்து கொடிய ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படும். எந்த ரகத்தை எந்தப் பருவத்தில் மாட்டுக்குப் போடலாம் என்ற அறிவு மேய்த்தவர்களிடமும், விதைக்கதிரைத் தேர்ந்தெடுத்துக் காயவைத்த பெண்களிடமும் இருக்கிறது. பட்டாவில் பெயருள்ளவரிடம் மட்டும் கேட்டு முடித்துவிடாமல், அவர்களிடமும் தனியே அமர்ந்து கேட்டு, அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதி, அந்தத் தாளை விதையின் பதிவெண்ணோடு இணைத்து வைக்க வேண்டும்.