ஒயில் சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு

நிலத்தில் ஒயில் சொட்டிக் கிடக்கிறது என்று மோட்டார் சைக்கிளைக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் எஞ்சினின் அடிப்பக்கத்தைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் அங்கே வந்து சொட்டும் ஒயில் பல வேளைகளில் மேலிருந்து வடிந்ததாக இருக்கும். வண்டி ஓடும்போது காற்றும் அதைப் பின்பக்கமாகத் தள்ளிவிடும். ஆகவே நனைந்திருக்கும் பகுதிகளில் எது மிக உயரத்தில், மிக முன்பக்கத்தில் இருக்கிறதோ அதையே முதலில் சந்தேகிக்க வேண்டும். வன்னியில் இந்தத் தேடல் இன்னும் கடினம். ஏ9 வீதியை விட்டு உள்ளே இறங்கினால் பல ஊர்களுக்குக் கிரவல் பாதைதான். செம்புழுதி ஒயிலோடு சேர்ந்து தடித்த அப்பலாகப் படிந்து, கசியும் வாயையே மூடி மறைத்துவிடுகிறது.

100 முதல் 150 சிசி வரையான வண்டிகள் ஏறத்தாழ ஒரு லீற்றர் ஒயிலே கொள்ளும். பெரும்பாலானவற்றில் எஞ்சினுக்கும் கியருக்கும் கிளச்சுக்கும் அந்த ஒரே ஒயில்தான். அதில் கால் லீற்றர் குறைவது சிறிய விடயமல்ல. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகும் காட்டு வீதியில் மாலை வேளையில் எஞ்சின் இறுகி நின்றால் என்ன பாடு என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய வண்டிகளையே திருத்தித் திருத்தி ஓட்டினோம். 2025 இல் இறக்குமதி மீண்டும் தொடங்கியும் புதியதன் விலை பலருக்கு எட்டவில்லை. பழைய வண்டியில் ஒயில் வெளியேறாமல் தடுக்கும் றப்பர் சீல் காய்ந்து கசிவது இயல்பு. காரணத்தைத் தேடாமலே எஞ்சினைப் பிரித்துப் போடுவதுதான் என்னை வருத்துகிறது.

கிராமம் கிராமமாகப் போய்த் தாய்மாரைப் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் தன் வண்டியோடு வந்தார். சிலிண்டரின் அடிக் கஸ்கற் (இரண்டு பாகங்கள் பொருந்தும் இடத்தில் கசியாமல் வைக்கும் மெல்லிய தகடு) போய்விட்டது என்று வேறோர் இடத்தில் இரண்டு முறை மாற்றிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு முறையும் கூலி கொடுத்திருக்கிறார், கசிவு நிற்கவில்லை. கழுவிப் பார்த்தபோது எஞ்சினின் தலைப்பகுதியில் வால்வுப் பக்கம் இருக்கும் ரப்பெட் மூடியின் றப்பர் வளையம் இறுகிக் காய்ந்திருந்தது. அங்கிருந்து கசிந்த ஒயில் சிலிண்டரின் செதில்கள் வழியே இறங்கி அடிக் கஸ்கற்றில் தேங்கியிருக்கிறது. மாற்ற வேண்டியிருந்தது அந்தச் சிறிய வளையம் மட்டுமே. வேலைக்குப் போயாக வேண்டிய ஒருவரிடமிருந்து வீணாகப் போன அந்தப் பணத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கழுவாமல் தேடக் கூடாது. எஞ்சின் ஆறிய பிறகு தூரிகையால் மண்ணெண்ணெய் தடவி அப்பலை ஊறவைத்துத் தேயுங்கள். பிறகு சவர்க்காரத் தண்ணீரால் கழுவித் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். காற்று வடிகட்டியின் வாய்க்குள் தண்ணீர் போகாமல் பொலித்தீன் கட்டுவது அவசியம். காய்ந்ததும் பிள்ளைகளுக்குப் பூசும் பவுடரை எஞ்சின் மேல் மெல்லியதாகத் தூவுங்கள். ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் விடுங்கள். எதுவும் தெரியாவிட்டால் இரண்டு மூன்று கிலோமீற்றர் ஓட்டிவிட்டு டோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள். சில கசிவுகள் எஞ்சின் சூடேறி, பாரம் இழுக்கும்போது மட்டுமே வெளிவரும். வெள்ளைப் பவுடரில் ஒயில் கருங்கோடாக இறங்கியிருக்கும். அந்தக் கோட்டின் மேல்முனையில்தான் உங்கள் கசிவு இருக்கிறது.

ஒரு சீலை மாற்றினால் இன்னொன்று, அதை மாற்றினால் வேறொன்று என்று கசிந்துகொண்டே போனால், சீல்களை விட்டுவிட்டு எஞ்சினின் மூச்சுக்குழாயைப் பாருங்கள். பிஸ்டன் ஏறி இறங்கும்போது உள்ளே உண்டாகும் அழுத்தம் அந்தச் சிறிய குழாய் வழியாகவே வெளியேற வேண்டும். வயலில் சேறு அடைத்தாலோ, நிறுத்தி வைத்த வண்டிக் குழாயில் குளவி மண்கூடு கட்டினாலோ, அழுத்தம் போக வழியின்றி எங்கே பலவீனமோ அங்கே ஒயிலைத் தள்ளும். புதிய சீலும் தாங்காது. ஒயிலை அளவுக்கு மேல் ஊற்றுவதும் இதே தொல்லையைத் தரும். சைட் ஸ்டாண்டில் சாய்த்து வைத்து அளந்தால் அளவு பிழைக்கும். சமதரையில் நிமிர்த்தி வைத்து, எஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் கழித்தே அளவுக் கோலைப் பார்க்க வேண்டும். குழாய் சுத்தமாக இருந்தும் அதன் வழியே புகையோடு பலமாக ஊதினால் பிஸ்டன் றிங் தேய்ந்திருக்கக்கூடும். அப்போதுதான் எஞ்சினைப் பிரிப்பது பற்றிப் பேசலாம்.

ஒயில் வடிக்கும் போல்ட்டில் கசிந்தால் வாசரை மாற்றுங்கள். போல்ட் இறுக்கும் சாவியில் நீளக் குழாய் மாட்டி இறுக்கினால் அலுமினியப் புரி கழன்றுவிடும். முன் செயின் சில்லின் மூடிக்குள் தெரியும் கறுப்பு எல்லாம் எஞ்சின் ஒயில் அல்ல. அளவுக்கு மீறிச் செயினுக்கு விட்ட ஒயிலாகவும் இருக்கலாம். துடைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். கஸ்கற் பசையை வெளியிலிருந்து அப்புவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். மூடிக்குள் அதிகமாகப் பூசினாலும் ஆபத்து: பிதுங்கிய பசை உள்ளே கழன்று ஒயில் வழியை அடைக்கும்.

இதுவரை சொன்னவற்றுக்குச் சில நாள் பொறுக்கலாம். முன்சில்லுப் பக்கத்துக் கசிவு பொறுக்காது. இரவு வண்டிக்கு அடியில் காட்போட் மட்டையை விரித்து வைத்தால் எந்தப் பக்கம் சொட்டுகிறது என்று காலையில் தெரியும். முன் ஷொக் அப்சோபரின் சீல் போனால், பளபளப்பான தண்டில் வளையமாக ஈரம் நிற்கும். அது வடிந்து பிரேக் தட்டில் பட்டால் பிரேக் வழுக்கும். பிரேக் ஒயில் கசிந்தால் பெயின்ற் பொங்கி உரியும். முன் பிரேக் பிடியை இறுக்கிப் பிடித்தபடி சற்று நேரம் வைத்திருங்கள். மெல்ல மெல்ல உள்ளே போனால் வண்டியை ஓட்டவே வேண்டாம். உருட்டிக்கொண்டோ, லாண்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) பெட்டியில் ஏற்றியோ கராஜுக்குக் கொண்டுவாருங்கள்.