முதல் சம்பளம் கொடுக்குமுன் தொழில் கந்தோருக்குப் போய் வாருங்கள்

திருகோணமலையில் புதிதாக ஒரு கடையோ விடுதியோ தொடங்குகிறவர்கள் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவார்கள், உள்ளூராட்சி சபையில் அனுமதிப்பத்திரம் எடுப்பார்கள். அதோடு பதிவு வேலை முடிந்தது என்று பலர் இருந்துவிடுகிறார்கள். ஆனால் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்த நாளிலிருந்து சட்டத்தின் பார்வையில் நீங்கள் ஒரு தொழில்தருநர். அதற்கென்று தனிப் பதிவு இருக்கிறது. அதை முதல் சம்பள நாளுக்கு முன்பே முடித்துக்கொள்வதுதான் உங்களுக்கும் நல்லது, வேலைக்கு வந்தவருக்கும் நல்லது.

அந்தப் பதிவு ஊழியர் சேமலாப நிதிக்கு, அதாவது ஊழியரின் முதுமைக்காகச் சம்பளத்தோடு சேர்க்கும் ஈ.பி.எஃப்.க்கு, உரியது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் பொருந்துவதற்கு ஒரேயொரு ஊழியர் இருந்தாலே போதும். முதலாவது ஆள் வேலைக்குச் சேர்ந்து 14 நாட்களுக்குள் தொழில் திணைக்களத்தில் பதிய வேண்டும். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் அடிக்கடி கேட்கிற பேச்சு ஒன்று உண்டு: “இவர் சீசனுக்கு மட்டும் நிற்கிற ஆள், நிரந்தரம் இல்லை, ஈ.பி.எஃப். தேவையில்லை.” இது தவறு. தற்காலிகமாக நிற்பவர், நாட்கூலிக்கு வருபவர், செய்த அளவுக்குக் கூலி வாங்குபவர், கமிஷனுக்கு வேலை செய்பவர் எல்லோரும் முதல் நாளிலிருந்தே இதற்குள் அடங்குவார்கள். மே மாதம் வந்து செப்டெம்பரில் போகிற ஒரு பிள்ளைக்கு அந்த ஐந்து மாதப் பணமும் உரிமையான பணம். இப்படிப் பத்துச் சீசன் பதிவில்லாமல் உழைத்தவரின் கையில் முதுமையில் எதுவும் மிஞ்சாது. இந்த விஷயத்தில் என்னை மிகவும் உறுத்துவது அதுதான்.

விலக்குகள் மிகக் குறைவு. வீட்டு வேலைக்கு வைத்திருப்பவர்கள், குடும்பத்தவர் மட்டுமே வேலை செய்யும் தொழில்கள், பத்துப் பேருக்குக் குறைவான ஊழியர் உள்ள தர்ம நிறுவனங்கள் போன்ற சிலவற்றுக்குத்தான் அது பொருந்தும்.

பதிவதற்குத் திருகோணமலையிலுள்ள தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். தொழில்தருநர் நிரப்ப வேண்டியது ‘டி’ படிவம். வியாபாரப் பதிவுச் சான்றிதழின் பிரதி, உரிமையாளரின் அடையாள அட்டைப் பிரதி, வேலைக்கு வைத்திருப்பவர்களின் விபரம் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோனால் வீண் அலைச்சல் இருக்காது. ஒவ்வொரு ஊழியருக்கும் ஏ.பி.எச். படிவம் தனியாக நிரப்ப வேண்டும். அதில் பெயர் தேசிய அடையாள அட்டையில் உள்ளபடியே, எழுத்து மாறாமல் இருக்கட்டும். வீட்டில் கூப்பிடும் பெயரை எழுதிவிட்டால், பிறகு பணம் எடுக்கப் போகும்போது அந்த மனிதர்தான் சத்தியக் கடதாசியோடு அலைய வேண்டிவரும். நிறுவனத்துக்குப் பதிவிலக்கம் கிடைத்ததும், ஊழியர்களுக்கு அங்கத்துவ இலக்கத்தை வரிசையாகக் கொடுப்பது உங்கள் பொறுப்பு. வேலையை விட்டுப் போனவரின் இலக்கத்தைப் புதிதாக வந்தவருக்குக் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் இரண்டு பேரின் கணக்கும் ஒன்றாகிக் குழம்பிவிடும்.

இனிக் கணக்கு. ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 சதவீதம் கழிக்க வேண்டும், உங்கள் பங்காக 12 சதவீதம் போட வேண்டும். மொத்தம் 20 சதவீதம் ஈ.பி.எஃப். இதைவிட, 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு, அதாவது ஈ.டி.எஃப்.க்கு, 3 சதவீதம் கட்ட வேண்டும். அது முழுக்கத் தொழில்தருநரின் பணம், ஊழியரிடம் ஒரு சதமும் பிடிக்க முடியாது. மாதம் 40,000 ரூபா பேசி ஒருவரை வைத்தால், அவரிடம் 3,200 கழித்து 36,800 கையில் கொடுப்பீர்கள். உங்கள் பங்கு 4,800, ஈ.டி.எஃப். 1,200. ஆக அந்த ஒருவருக்கு மாதம் உங்களுக்கு ஆகும் செலவு 46,000. ஆளை வைக்கும் முன்பே இந்த 46,000 உங்கள் கணக்கில் இருக்க வேண்டும். “உன்னுடைய ஈ.பி.எஃப்.பையும் சேர்த்துத்தான் சம்பளம் பேசினேன்” என்று சொல்லி 12 சதவீதத்தையும் சம்பளத்தில் கழிப்பது சட்டவிரோதம்.

சம்பளத்தையும் நினைத்தபடி குறைத்துப் பேச முடியாது. தேசிய ஆகக்குறைந்த சம்பளம் 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டிருக்கிறது.

எந்தத் தொகைக்கு இந்த வீதங்களைப் பார்ப்பது என்பதில்தான் சாப்பாட்டுக் கடைக்காரரும் விடுதிக்காரரும் தடுமாறுகிறார்கள். அடிப்படைச் சம்பளத்தோடு வாழ்க்கைச் செலவுப் படி, லீவுக்குக் கொடுக்கும் சம்பளம், கமிஷன் எல்லாம் சேரும். நீங்கள் கொடுக்கும் சாப்பாட்டின் பெறுமதியும் சேரும். மூன்று வேளையும் கடையிலேயே சாப்பிடுகிற ஊழியருக்கு அந்தச் சோறும் சம்பளத்தின் ஒரு பகுதி என்றுதான் சட்டம் சொல்கிறது. அது நியாயமும்கூட, ஏனென்றால் அந்தச் சோற்றைக் காட்டித்தானே காசைக் குறைத்துப் பேசியிருப்பீர்கள். ஓவர்டைம் இதில் சேராது.

முதல் மாதத்தில் பதிவு முடியவில்லை, ஆகவே 8 சதவீதத்தைக் கழிக்காமல் முழுச் சம்பளத்தையும் கொடுத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். கழிக்காமல் விட்டதைப் பிந்திய மாதச் சம்பளத்தில் பிடிக்க உங்களுக்கு உரிமை இல்லை. 20 சதவீதத்தையும் நீங்களே கட்ட வேண்டும். பதிவை முதல் சம்பளத்துக்கு முன் முடியுங்கள் என்று வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். மாறாக, கழித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருப்பது இன்னும் மோசம். அது அடுத்தவர் பணம்.

ஒரு மாதத்துக்கான ஈ.பி.எஃப்., ஈ.டி.எஃப். பங்களிப்புகளை அடுத்த மாதம் முடிவதற்குள் கட்ட வேண்டும். ஈ.பி.எஃப். பிந்தினால் மிகைக்கட்டணம் 5 சதவீதத்தில் தொடங்கும். தாமதம் கூடக் கூட ஏறி, ஒரு வருடம் தாண்டினால் 50 சதவீதம் வரை போகும். சீசன் இல்லாத மாதங்களில் கையில் காசு குறையும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால் சம்பளம் கொடுக்கிற அன்றே இந்தப் பணத்தையும் ஒதுக்கி வைப்பது நல்ல பழக்கம்.

வருமான வரிப் பக்கம் சிறு தொழிலுக்குப் பெரிய வேலை இல்லை. 2025 ஏப்ரல் முதல் மாதம் 150,000 ரூபாவுக்கு மேல் சம்பளம் வாங்குபவரிடம்தான் வரி கழிக்க வேண்டிவரும். அப்படி ஒருவர் இருந்தால் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் பதிந்து, கழித்த வரியை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் கட்டிவிட வேண்டும்.

நியமனக் கடிதம் ஒன்றைக் கொடுத்து, அதன் பிரதியைக் கோப்பில் வையுங்கள். சேர்ந்த திகதி, பேசிய சம்பளம், வேலை நேரம் எல்லாம் அதில் இருக்கட்டும். மாதாமாதம் கொடுக்கும் சம்பளச் சிட்டையில் 8, 12, 3 மூன்றையும் தனித்தனியாகக் காட்டுங்கள். ஊழியருக்கு அவருடைய அங்கத்துவ இலக்கத்தை எழுதிக் கொடுங்கள். சேமலாப நிதியின் பணத்தை வைத்து நிர்வகிப்பது இலங்கை மத்திய வங்கி, அதன் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது. அந்த இலக்கமும் அடையாள அட்டையும் கையில் இருந்தால், தன் பெயரில் பணம் சேர்கிறதா என்று அவரே விசாரித்துக்கொள்ளலாம்.