பீட்டுக்குள் குரலுக்கு ஓர் இடம்

வீட்டில் ராப் பதிவு செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். குரலின் அளவைக் கூட்டினால் அது பின்னணித் தாள இசையான பீட்டின் மேல் ஒட்டாமல் மிதக்கிறது. குறைத்தால் பாதிச் சொற்கள் டிரம் அடிகளான கிக்குக்கும் ஸ்னேருக்கும் அடியில் போய்விடுகின்றன. நடுவில் எங்கோ சரியான புள்ளி இருக்கும் என்று நம்பி, ஒலியளவை மாற்றும் ஃபேடரை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டே இருக்கிறார்கள். பல பாடல்களில் அப்படி ஒரு புள்ளியே கிடையாது. குரலும் பீட்டும் கேட்பவரின் காதுக்குள் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றன. அந்தப் போட்டியைத் தீர்க்காதவரை ஃபேடரால் எதுவும் ஆகாது.

போட்டி நடக்கும் களம் உட்காதில் சுருண்டிருக்கும் காக்ளியா. நீட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர். அதன் நீளம் முழுவதும் ஓடும் மெல்லிய சவ்வின் ஒவ்வோர் இடமும் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மிகுதியாக அசைகிறது. உயர்ந்த ஒலிகள் வாசலருகே, தாழ்ந்த ஒலிகள் உள்நுனியில். இந்தச் சவ்வின் மீது ஒலி ஓர் அலையாகப் பயணிப்பதைக் கண்டறிந்த கியார்க் வான் பெகேசிக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது. நெருங்கிய இரண்டு அதிர்வெண்கள் சவ்வின் ஒரே பகுதியை அசைக்கும்போது வலுத்தது மெலிந்ததை விழுங்கிவிடுகிறது. 1,000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் அந்தப் பகுதியின் அகலம் சுமார் 160 ஹெர்ட்ஸ். அதற்குள் ஒரு சின்த் (சின்தசைசர்) உரக்க நின்றால், அங்கே விழும் குரலின் பகுதி கணினித் திரையில் தெரியும், கேட்பவருக்கு எட்டாது.

இதில் இன்னொரு நெருக்கடியும் உண்டு. தாழ்ந்த ஒலியின் அலை உள்நுனியை அடைவதற்கு முன் வாசல் பக்கத்தைக் கடந்துதான் போக வேண்டும். போகிற வழியில் அங்கேயும் அசைவை உண்டாக்குகிறது. அதனால் தாழ்ந்த ஒலிகள் தமக்கு மேலே இருப்பவற்றை எளிதில் மறைக்கின்றன. மேலே இருப்பவை கீழே இருப்பவற்றை அந்த அளவுக்கு மறைப்பதில்லை. ஒலி உரக்க உரக்க இந்த மறைப்பு மேல்நோக்கி இன்னும் பரவுகிறது. ராப் பீட்டின் உயிரே 808 எனப்படும், நீண்டு ஒலிக்கும் தாழ்ந்த பேஸ் ஒலிதான். அதன் அடிப்படை 40, 50 ஹெர்ட்ஸில் இருந்தாலும், ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் சேர்த்தவுடன் அதன் மடங்குகள் 100, 200, 300 ஹெர்ட்ஸ் என்று ஏறிக் குரலின் உடற்பகுதிக்கே வந்துவிடுகின்றன. மெல்லிய ஒலியில் தெளிவாகக் கேட்ட மிக்ஸ், பெரிய ஸ்பீக்கரில் உரக்கப் போட்டதும் குழம்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ராப் குரலுக்கு இந்த மறைப்பு ஏன் இவ்வளவு கேடு செய்கிறது? பாடகர் ஓர் உயிரொலியை நீட்டிப் பிடிக்கலாம். கேட்பவருக்கு அதைப் பிடித்துக்கொள்ள நேரம் கிடைக்கும். ராப்பில் சொல் வந்த வேகத்தில் போய்விடுகிறது. பேச்சொலியின் ஆற்றலில் பெரும்பகுதி 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே, உயிரொலிகளில் இருக்கிறது. எந்தச் சொல் என்று சொல்வது அதற்கு மேலே வரும் மெய்யொலிகள். வல்லினம் என்று நாம் வகுத்து வைத்திருக்கும் ஒலிகளை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லின் முதலில் வரும் க, த, ப ஒவ்வொன்றும் சில மில்லிசெகண்டுகளே நீடிக்கும் சிறு வெடிப்பு. ஆற்றல் குறைவு, ஆயுளும் குறைவு. அவற்றை அடையாளம் காட்டும் கூறுகள் பெரும்பாலும் விழும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில்தான் ஸ்னேரின் பளீர் அடியும் சின்த்தின் பளபளப்பும் உட்கார்ந்திருக்கின்றன. செவிக்குழாய் தன் நீளத்தால் 3,000 ஹெர்ட்ஸுக்கு அருகே ஒலியைக் கூட்டித் தருவதால் காது மிகக் கூர்மையாக இருக்கும் பகுதியும் அதுவே. பீட் தயாரிப்பவர்கள் அங்கே கூட்டம் சேர்ப்பதில் வியப்பில்லை.

மிக்ஸுக்குப் போகும் முன் பதிவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பின்னால் திருத்தவே முடியாத பிழைகள் அங்கேதான் நேர்கின்றன. உங்கள் குரல் மைக்கை நேராகவும் அடைகிறது, சுவரில் பட்டும் அடைகிறது. சுவர் வழியே வந்தது 68 சென்டிமீட்டர் கூடுதலாகப் பயணித்திருந்தால், அது சுமார் 2 மில்லிசெகண்ட் பிந்தி வருகிறது. இரண்டும் கலக்கும்போது 250, 750, 1,250 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளங்கள் விழுகின்றன. தலையை அசைத்தால் பள்ளங்களும் இடம் மாறும். ‘டப்பாவுக்குள் பேசியது போல’ என்று நாம் குறைப்படும் ஒலி இதுதான். அதிர்வெண்வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் எந்த ஈக்யூவாலும் இதை முழுமையாக நிரப்ப முடியாது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் நேர் ஒலி 6 டெசிபல் கூடும். சுவர் ஒலி ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆகவே 15 முதல் 20 சென்டிமீட்டர் நல்ல தூரம். அதைவிட நெருங்கினால், ஒரு திசையை மட்டும் கேட்கும் மைக்குகள் கீழ் ஒலியைத் தாமாகவே ஊதிப் பெருக்கும். ‘ப’ வரும்போது பாயும் காற்று நேராக மோதாதபடி மைக்கைச் சற்றுப் பக்கவாட்டில் வைத்துப் பாப் ஃபில்டர் போட்டுக்கொள்ளுங்கள். முகத்துக்கு எதிரிலும் முதுகுக்குப் பின்னாலும் தடித்த போர்வைகள் தொங்கட்டும். 24 பிட் பதிவில் உச்சங்கள், மீட்டரின் உச்ச வரம்பான 0-க்குக் கீழே 10 டெசிபல் வட்டாரத்தில் நின்றால் போதும்; சிவப்பைத் தொட்டுத்தான் பதிய வேண்டும் என்ற அவசியம் இல்லை.

இனி ஈக்யூ. 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே குரலில் பயனுள்ளது அனேகமாக எதுவும் இல்லை. மேசை அதிர்வும் காற்றும்தான் இருக்கும். வெட்டிவிடலாம். சிறிய அறைகள் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை ஒலியைத் தேக்கி வைக்கும், அங்கே 2, 3 டெசிபல் குறைத்துப் பாருங்கள். இதுவரை எல்லோரும் செய்வதுதான். அடுத்து பலர் குரலில் 3,000 ஹெர்ட்ஸைத் தூக்குகிறார்கள். சொல் தெளிகிறது, கூடவே காதையும் குத்துகிறது. மறைப்பைத் தீர்மானிப்பது குரலின் தனி அளவு அல்ல, மறைக்கும் ஒலிக்கும் அதற்கும் உள்ள விகிதம். அதே விகிதத்தைப் பீட்டைக் குறைத்தும் அடையலாம். 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை பீட்டில் அகலமாக 2 டெசிபல் இறக்கினாலே குரல் முன்னே வரும். பீட் மெலிந்துவிடும் என்று பயந்தால், குரல் வரும்போது மட்டும் இறங்கும்படி டைனமிக் ஈக்யூவை, அதாவது தேவைப்படும்போது மட்டும் இயங்கும் ஈக்யூவை, குரலோடு சைட்செயின் செய்துவிடுங்கள் (குரலே அதை இயக்கும்படி இணையுங்கள்). குரல் ஓய்ந்ததும் பீட் தன் பழைய பளபளப்புக்குத் திரும்பிவிடும்.

இணையத்தில் கிடைக்கும் பீட் பெரும்பாலும் முழுதாக மாஸ்டர் செய்து (வெளியீட்டுக்கான கடைசி மெருகேற்றம் முடித்து), உச்சம் 0-ஐ உரசும் ஒரே ஸ்டீரியோ கோப்பாக வரும். அதன் மேல் குரலை வைக்க மேலே இடமே இருக்காது. முதல் வேலையாக அதை 6 டெசிபலாவது இறக்கிவிடுங்கள். கிக், பேஸ், ஸ்னேர் தனித்தனிக் கோப்புகளாகக் கிடைக்க வாய்ப்பிருந்தால் கேட்டு வாங்குங்கள். எந்த ப்ளக்-இன் மென்பொருளும் தராத சுதந்திரம் அதில் இருக்கிறது.

உரத்த ஒலியைத் தானாக அடக்கும் கம்ப்ரஸர்தான் ராப்பின் ஒலியைச் செதுக்கும் கருவி என்பது என் கருத்து. ஒரு வரியில் ஒரு சொல் கத்தலாகவும் அடுத்தது முணுமுணுப்பாகவும் இருக்கும். உரத்ததற்கு ஏற்ப அளவை வைத்தால் முணுமுணுப்பு பீட்டுக்குள் மூழ்கும். 4:1 விகிதத்தில் வைத்த கம்ப்ரஸர், வரம்பைத் தாண்டும் ஒவ்வொரு 4 டெசிபலையும் 1 டெசிபலாக்கி இந்த ஏற்ற இறக்கத்தைச் சுருக்குகிறது. ஆனால் எவ்வளவு சுருக்குகிறது என்பதைவிட எவ்வளவு வேகமாகச் சுருக்குகிறது என்பது முக்கியம். அட்டாக், அதாவது அது அடக்க எடுத்துக்கொள்ளும் நேரம், 1 மில்லிசெகண்டுக்கும் குறைவாக இருந்தால் வல்லினத்தின் வெடிப்பே நசுங்கிச் சொல் மழுங்கிவிடும். 5 முதல் 15 மில்லிசெகண்ட் வரை விட்டால் வெடிப்பு தப்பித்து வெளியே வரும். பின்தொடரும் உயிரொலி மட்டும் அடங்கும். ரிலீஸை, அதாவது பிடியைத் தளர்த்தும் நேரத்தை, தாளத்தின் வேகத்தைக் கொண்டு கணக்கிடலாம். நிமிடத்துக்கு 90 அடி ஓடும் பீட்டில் ஓர் அடியின் கால் பங்கு 167 மில்லிசெகண்ட். 140 அடி என்றால் 107. கால் பங்குக்கு ஓர் அசை என்று பாய்ந்தால், கம்ப்ரஸர் அதற்குள் தன் பிடியைத் தளர்த்தியிருக்க வேண்டும். தளர்த்தாவிட்டால் முந்தைய அசைக்காக இறக்கியது அடுத்த அசையின் முதலெழுத்தையும் சேர்த்து அமுக்கும். 40 முதல் 80 மில்லிசெகண்டில் தொடங்கிக் காதால் திருத்துங்கள்.

ஒரே கம்ப்ரஸரிடம் எல்லா வேலையையும் கொடுக்காமல் இரண்டை அடுத்தடுத்து வைப்பது ஸ்டுடியோக்களின் பழைய வழக்கம். பில் புட்னம் வடிவமைத்து 1967-இல் வந்த 1176 போன்ற வேகமான ஒன்று முதலில் கூரிய உச்சங்களைப் பிடிக்கும். அதன் அட்டாக் 20 மைக்ரோசெகண்ட் வரை வேகமாகப் போகும். மிக மெதுவான நிலையிலும் 1 மில்லிசெகண்டைத் தாண்டாது. அதனால் அதற்கு 2, 3 டெசிபல் வேலை மட்டும் கொடுங்கள், வெடிப்புகள் பிழைத்துக்கொள்ளும். பிறகு ஒளியையும் ஒளியுணர் மின்தடையையும் வைத்து மெதுவாக இயங்கும் எல்ஏ-2ஏ போன்றது மொத்த வரியையும் சமன் செய்யும். ஆறு டெசிபல் சுருக்கி அதை மீண்டும் உயர்த்தினால், மூச்சொலியும் அறையின் எதிரொலியும் அதே ஆறு டெசிபல் உயர்ந்து வரும் என்பதையும் மறக்க வேண்டாம். போர்வைகளைப் பற்றி அவ்வளவு சொன்னது இதற்காகத்தான். ச, ஸ ஒலிகளும் இதற்குப் பின் துருத்தும். கம்ப்ரஸர் ஆற்றல் மிகுந்த உயிரொலிகளைப் பார்த்து இயங்குவதால் இந்தச் சீறல் வரம்புக்குக் கீழே நழுவிவிடுகிறது. 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை டி-எஸ்ஸர் கொண்டு அளவோடு அடக்கலாம்.

குரலின் மேல் அதே வரியை இன்னொரு முறை அடுக்கும் டபுள் போடுவதற்குப் பதிவை நகலெடுக்காதீர்கள். அச்சான நகல் 6 டெசிபலைக் கூட்டுமே தவிர வேறெதையும் தராது. நகலைச் சற்றுத் தள்ளி வைத்தால் சுவர் செய்த அதே பள்ளங்கள் திரும்பி வரும். வரியை இன்னொரு முறை பேசிப் பதியுங்கள். சுருதியிலும் நேரத்திலும் இயல்பாக வரும் சின்னஞ்சிறு வேறுபாடுகளே குரலைத் தடிப்பாக்குகின்றன. வரியின் முடிவுச் சொற்களுக்கு மட்டும், மூலக் குரலுக்கு 6 முதல் 10 டெசிபல் கீழே வைத்தால் போதும். டபுளில் மேல் ஒலிகளைக் குறைத்துவிட்டால், இரண்டு பதிவுகளின் ‘த’வும் ‘ச’வும் தடதடவென்று இருமுறை விழாது.

குரல் பீட்டோடு ஒட்டாமல் மேலே நிற்பதற்கு அளவு மட்டும் காரணமல்ல. நேர் ஒலிக்கும் எதிரொலிக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டும் காது தூரத்தை அளக்கிறது. எதிரொலியில் தோய்ந்த பீட்டுக்கு நடுவே முற்றிலும் வறண்ட குரல் வந்தால், அது வேறோர் அறையில் இருக்கிறது என்று மூளை முடிவு செய்துவிடுகிறது. செயற்கை எதிரொலியான ரிவெர்ப்பை நீளமாகப் போட்டாலோ ஓர் அசையின் வால் அடுத்த அசையின் மேல் விழுந்து சொல்லைக் கெடுக்கும். பேச்சைப் பொறுத்தவரை சுமார் 50 மில்லிசெகண்டுக்குள் வரும் எதிரொலிகள் நேர் ஒலியோடு சேர்ந்து தெளிவுக்கு உதவுகின்றன. அதற்குப் பின் வருபவை கெடுக்கின்றன. எனவே மிகச் சிறிய அறையின் குறுகிய ரிவெர்ப் மெல்லியதாக இருக்கட்டும். அதன் கீழ் ஒலிகளை 300 ஹெர்ட்ஸ் வரை வெட்டிவிடுங்கள். விரிவு வேண்டுமென்றால், ஒலியைத் தாமதித்துத் திரும்ப ஒலிக்கும் டிலேயைத் தாளத்தோடு பொருத்தி வரி முடிவுகளில் மட்டும் திறந்துவிடலாம்.

இவ்வளவும் செய்த பிறகும் பலர் தம் குரலைத் தாழ்வாகவே விட்டுவிடுகிறார்கள். பதிவில் தன் குரல் எலும்பு வழி வராமல் காற்று வழி மட்டும் வருவதால் உண்டாகும் கூச்சம் ஒருபுறம். அதைவிட வலியது, வரிகளை எழுதியவர் அவராகவே இருப்பது. ரிச்சர்ட் வாரன் 1970-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாக்கியத்தின் ஓர் ஒலியை வெட்டி எடுத்து அந்த இடத்தில் இருமல் ஒலியை வைத்தார். கேட்டவர்கள் இல்லாத ஒலியையும் கேட்டதாகவே உணர்ந்தார்கள். சூழலை வைத்து மூளை அதை நிரப்பிவிட்டது. உங்கள் மூளையில் முழுப் பாடலும் முன்பே இருக்கிறது. ஸ்னேர் விழுங்கிய சொல்லை அது உங்களுக்குத் தெரியாமலே நிரப்பித் தருகிறது. எத்தனை முறை கேட்டாலும் அந்த ஓட்டை உங்கள் காதில் விழாது.

ஆகவே வரிகளை ஒருமுறைகூடப் படிக்காத ஒருவரைக் கூப்பிடுங்கள். பாடலை முதலில் மெல்லிய ஒலியில், பிறகு உரக்க, பிறகு ஒரு கைபேசி ஸ்பீக்கரில் போட்டு, கேட்ட சொற்களை எழுதச் சொல்லுங்கள். தாளில் விடுபட்ட ஒவ்வொரு சொல்லுக்கும் மிக்ஸில் ஒரு காரணம் இருக்கும். உரக்கப் போட்டபோது மட்டும் விடுபட்டால் பேஸின் மடங்குகளைப் பாருங்கள். கைபேசியில் மட்டும் விடுபட்டால், குரல் கீழ் ஒலிகளை நம்பி நிற்கிறது; மேலே தெளிவு போதவில்லை. எப்போதும் ஸ்னேர் விழும் அடியிலேயே விடுபட்டால், பீட்டின் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி இன்னும் 1 டெசிபல் இறங்க வேண்டும். திருத்திய பிறகு அதே ஆளிடம் போகாதீர்கள், அவருக்கு இப்போது வரிகள் தெரியும்.