710 டாலர் என்று எழுதிவைத்த நோட்டுப் புத்தகம்

2025 நவம்பரில் ஒரு சனிக்கிழமை. சிங்கப்பூரில், சிராங்கூன் சாலைக்குப் பின்புறச் சந்தில் இருக்கும் எங்கள் சின்னக் கல்வி முகவர் அலுவலகத்துக்கு ஒரு தந்தையும் மகனும் வந்தார்கள். பையன் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தான். என்எஸ் எனும் கட்டாய தேசிய சேவை முடிய இன்னும் இரண்டு மாதம். தந்தையின் கையில் ஒரு நோட்டுப் புத்தகம். 2024 ஜனவரியில், மகன் ராணுவப் பயிற்சிக்குத் தெக்கோங் தீவுக்குப் படகேறுவதற்குச் சில நாள் முன்பு, இதே நாற்காலியில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டது.

மெல்பர்ன், பொறியியல். விசாக் கட்டணம் 710 ஆஸ்திரேலிய டாலர். ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய பணம் 24,505 டாலர். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதியாயிற்று. 'தற்காலிகமாகத்தான் வருகிறேன்' கடிதம், அண்ணன் மகன் கொடுத்த மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் 'சரி' குறி.

"எல்லாம் ரெடி மேடம். இன்னைக்கே கட்டிடலாமா?"

இரண்டு ஆண்டுகளாக மாதாமாதம் சேமித்து, குறித்துவைத்ததை எல்லாம் முடித்துவிட்டு வந்தவரிடம், அந்தப் பக்கத்தில் பெரும்பாலான வரிகள் இப்போது செல்லாது என்று எப்படிச் சொல்வது? தேநீர் வாங்கிவரச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன்.

710 டாலர் கட்டணம் 2024 ஜூலை 1 அன்று 1,600 ஆனது. சரியாக ஓராண்டு கழித்து, 2025 ஜூலை 1 அன்று, 2,000. விசா மறுக்கப்பட்டால் அது திரும்ப வராது. காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுப் பணம் 2024 மே 10 முதல் 29,710 டாலர். கல்விக் கட்டணமும் விமானச் செலவும் இதற்குமேல். மாணவர் விசாவுக்கான ஐஇஎல்டிஎஸ் வரம்பு 2024 மார்ச் 23 முதல் 5.5-லிருந்து 6.0. பையன் 7 வாங்கியிருந்தான், அதில் கவலை இல்லை. ஆனால் தேர்வு எழுதியது 2023 டிசம்பரில். அந்தச் சான்றிதழின் ஆயுள் இரண்டு ஆண்டு. முழுநேர தேசிய சேவையும் இரண்டு ஆண்டு. இந்த இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று இடிக்கும் என்பது எங்கள் ஊர்ப் பெற்றோருக்கு ஏனோ கடைசி மாதத்தில்தான் உறைக்கிறது.

பல்கலைக்கழகங்கள் சிங்கப்பூர்ப் பையன்களின் என்எஸ்ஸை நன்றாக அறிந்தவை. பல இடங்களில் இரண்டு ஆண்டு இடத்தைப் பிடித்து வைத்திருப்பார்கள். அதனால் சேர்க்கைக் கடிதம் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது என்ற நினைப்பு வந்துவிடுகிறது. சேர்க்கையைத் தருவது பல்கலைக்கழகம். விசாவைத் தருவது அரசாங்கம். பல்கலைக்கழகம் காத்திருக்கும். அரசாங்கத்தின் விதி காத்திருக்காது. விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் நாளில் எது நடப்பில் இருக்கிறதோ அதைத்தான் பார்ப்பார்கள்.

இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நான் நாடுவாரியாகப் பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டிவைத்திருந்தேன். இப்போது ஒட்டுவதில்லை. யாராவது கேட்டால் அவர்கள் முன்னாலேயே அந்தந்தக் குடிநுழைவுத் துறையின் இணையப் பக்கத்தைத் திறந்து, அவர்களையே படிக்கச் சொல்கிறேன். சிலருக்குக் கோபம் வருகிறது. "இதுக்கா உங்ககிட்ட வந்தோம்?" நியாயமான கேள்விதான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் ஒரே சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூன்று விதக் குடிநுழைவுத் தகுதிகள் இருக்கும். தாய் குடிமகளாகியிருப்பார், தந்தை நிரந்தரவாசி, பாட்டி திருச்சியிலிருந்து நீண்டகால அனுமதியில் வந்திருப்பார். வசிப்பது எங்கே என்பதைவிட, எந்தக் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) என்பதுதான் மாணவர் விசாவில் பல இடங்களில் செல்லும்.

ஒரே தொடக்கக் கல்லூரியில் படித்த இரண்டு தோழிகள், ஒரே பாடத்துக்கு மான்செஸ்டர் போகிறார்கள். ஒருத்தி குடிமகள், மற்றவள் இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசி. பிரிட்டன் சில நாட்டுக் கடப்பிதழ்களுக்குத் தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. அதில் சிங்கப்பூர் உண்டு, இந்தியா இல்லை. பட்டியலில் இருப்பவர்கள் பொதுவாக வங்கிக் கணக்கு ஆவணங்களை விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டியதில்லை. பணம் இருந்தாக வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும், அவ்வளவுதான். குடிமகள் ஒரு மாலையில் விண்ணப்பத்தை முடித்தாள். "நான் ஒண்ணுமே கொடுக்கலியே" என்று தோழியிடம் சொல்லவும் சொன்னாள். தோழியின் வீட்டில் அதை நம்பிவிட்டார்கள்.

தோழிக்குக் கணக்கு வேறு. முதலாண்டுக் கல்விக் கட்டணத்தில் கட்டாத பாக்கி, அதோடு ஒன்பது மாத வாழ்க்கைச் செலவு. 2025 நவம்பர் 11 முதல் லண்டனுக்கு மாதம் 1,529 பவுண்டு, லண்டனுக்கு வெளியே 1,171. அவள் போனபோது கொஞ்சம் குறைவு: 1,483-ம் 1,136-ம். மொத்தத் தொகையும் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். அந்த 28 நாளின் கடைசி நாளிலிருந்து விண்ணப்ப நாள்வரை 31 நாளுக்கு மேல் ஆகியிருக்கவும் கூடாது. 'தொடர்ந்து' என்றால் தொடர்ந்துதான். 27 நாள் நிறைந்திருந்து ஒரு நாள் குறைந்தாலும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். அவள் தந்தை பத்தொன்பதாவது நாள் தஞ்சாவூரில் தங்கையின் திருமணச் செலவுக்குப் பணம் அனுப்பிவிட்டு, நான்கு நாளில் திருப்பிப் போட்டுவிட்டார். மாதக் கடைசியில் பார்த்தால் தொகை சரியாக இருந்தது. வரிவரியாகப் பார்த்தபோதுதான் பள்ளம் தெரிந்தது. விண்ணப்பம் போகுமுன் கண்டுபிடித்ததால் தப்பித்தோம். மறுபடி 28 நாள் எண்ணி, வகுப்பு தொடங்கும் வாரத்தில்தான் அவள் விமானம் ஏறினாள்.

பணம் யாருடையது என்பதும் முக்கியம். நம் குடும்பங்களில் சித்தப்பா, மாமா என்று யாரோ ஒருவர் படிக்கவைக்கிறேன் என்று முன்வருவார். பெருமைப்பட வேண்டிய வழக்கம். ஆனால் பிரிட்டனுக்குக் காட்டும் சேமிப்பு மாணவரின் பெயரிலோ பெற்றோர் அல்லது சட்டபூர்வப் பாதுகாவலர் பெயரிலோதான் இருக்க வேண்டும். மாமாவின் கணக்கு எவ்வளவு கனமாக இருந்தாலும் எடுபடாது. அவர் உதவ நினைத்தால், 28 நாள் எண்ணத் தொடங்குமுன் பணம் பெற்றோர் கணக்குக்கு வந்துவிட வேண்டும்.

மத்திய சேம நிதி அறிக்கையை அச்செடுத்துக் கொண்டுவருவோரும் உண்டு. "இதுல ரெண்டு லட்சம் வெள்ளி இருக்கு மேடம், போதாதா?" வாழ்நாள் சேமிப்பு அது, மதிக்கிறேன். ஆனால் இன்று எடுத்துக் கட்ட முடியாத பணத்தை எந்த அதிகாரியும் பணமாக எண்ணமாட்டார். வீவக எனும் அரசு அடுக்குமாடி வீட்டின் மதிப்பும் அப்படித்தான், அம்மாவின் நகையும் அப்படித்தான். சேம நிதிக் கல்விக் கடன் திட்டமும் அங்கீகரிக்கப்பட்ட உள்ளூர்க் கல்விக்கூடங்களுக்கு மட்டுமே.

நம் பெயர்கள் படுத்தும் பாட்டைத் தனியே ஒரு கட்டுரையாக எழுதலாம். தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதை உலகத்துக் கணினிகள் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. சிங்கப்பூர்ப் பிறப்புச் சான்றிதழில் 'எஸ்/ஓ', அதாவது 'இன்னாரின் மகன்' என்று இருக்கும். பல இணையப் படிவங்கள் சாய்கோட்டை ஏற்காது. சேர்க்கைக் கடிதம் வரும்போது 'சோ' என்று ஒரு நடுப்பெயர் முளைத்திருக்கும். இந்தியக் கடப்பிதழில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால், அமெரிக்கப் படிவத்தில் அது குடும்பப் பெயராகிவிடும். சொந்தப் பெயரின் இடத்தில் 'எஃப்என்யு', அதாவது 'முதற்பெயர் தெரியாது' என்று வரும். பிள்ளைக்குப் பெயர் சூட்டும் விழா நடத்திய தாத்தா இதைக் கேட்டால் என்ன நினைப்பாரோ! சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் மொழித் தேர்வுச் சான்றிதழில் ஒரு பெயர், கடப்பிதழில் வேறொன்று, வங்கிக் கணக்கில் தந்தை பெயர் முன்னெழுத்தாக என்று இருந்தால், இவர்கள் தந்தையும் மகளும்தான் என்று மெய்ப்பிக்கவே வாரக்கணக்கில் ஆகும். தேர்வுக்குப் பதியும்போதே கடப்பிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்யுங்கள்.

அண்ணன் மகன் கொடுத்த மாதிரிக் கடிதத்துக்கு வருகிறேன். ஆஸ்திரேலியா முன்பு 'தற்காலிகமாகத்தான் தங்குவேன்' என்று விளக்கும் கடிதம் கேட்டது. 2024 மார்ச் 23 முதல் அது போய், 'உண்மையான மாணவர்' என்ற சோதனை வந்தது. இப்போது படிவத்திலேயே கேள்விகள் இருக்கும். உன் தற்போதைய நிலை என்ன, ஏன் இந்தப் பாடம், ஏன் இந்தக் கல்விக்கூடம், இதனால் உனக்கு என்ன பயன்? ஒவ்வொன்றுக்கும் 150 சொல்லுக்கு மேல் போகக்கூடாது. பழைய கடிதத்தை வெட்டி ஒட்டினால், கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னதாக ஆகும். அதைவிட மோசம், இப்போது செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கிவரும் பதில்கள். சென்ற ஆண்டு ஒரே வாரத்தில் மூன்று பிள்ளைகள் கொண்டுவந்தார்கள். மூவருக்கும் 'சிறுவயது முதலே தணியாத ஆர்வம்'. மூவரும் படிக்கப்போனது மூன்று வேறு பாடங்கள்.

கனடாவை நான் இப்போதெல்லாம் முதலில் பரிந்துரைப்பதில்லை. 2024 ஜனவரி 22 அன்று மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு அறிவித்தார்கள். அதிலிருந்து பெரும்பாலோருக்கு மாநில ஒப்புதல் கடிதம் ஒன்றும் தேவை. விரைவாக முடிவு தந்த எஸ்டிஎஸ் வழியை அதே ஆண்டு நவம்பர் 8 அன்று மூடிவிட்டார்கள். காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவு நெடுங்காலம் 10,000 கனடிய டாலராக இருந்து, 2024 தொடக்கத்தில் 20,635 ஆகி, 2025 செப்டம்பர் 1 முதல் 22,895. "என் தம்பி பத்தாயிரம் காட்டித்தான் போனான்" என்பார்கள். போனது உண்மை. போன ஆண்டு வேறு. போலிச் சேர்க்கைக் கடிதத்தோடு போன இந்திய மாணவர்கள் பற்றிய செய்தி 2023-இல் வந்தபிறகு, ஒவ்வொரு கடிதத்தையும் கல்விக்கூடத்திடமே கேட்டு உறுதிசெய்கிறார்கள்.

அமெரிக்காவில் விதியைவிட நடைமுறைதான் திடீர் திடீரென்று மாறுகிறது. 2025 மே கடைசியில் மாணவர் நேர்முகத்துக்கு நாள் கொடுப்பதையே நிறுத்தினார்கள். ஜூன் 18 அன்று மறுபடி தொடங்கியபோது, சமூக ஊடகக் கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி திறந்துவைக்க வேண்டும் என்றார்கள். ஆகஸ்டில் வகுப்பு. நேப்பியர் சாலை அமெரிக்கத் தூதரகத்தில் நாள் கிடைக்குமா என்று இரவு இரண்டு மணிக்குக் கணினியைப் புதுப்பித்துக்கொண்டிருந்த தாய்மார்களை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளின் கவலை வேறு: இன்ஸ்டாகிராமைத் திறந்தால் அம்மாவும் பார்ப்பாரே!

என் தொழிலைப் பற்றியும் ஒரு சொல். எங்களைப் போன்ற கல்வி முகவர்கள் பலருக்குப் பல்கலைக்கழகம்தான் தரகு தருகிறது, எனக்கும்தான். எந்தப் பல்கலைக்கழகம் எவ்வளவு தருகிறது என்று கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. பதில் சொல்லத் தயங்குபவரிடம் கடப்பிதழைக் கொடுக்காதீர்கள். அதைவிட முக்கியம், விண்ணப்பக் கணக்கு பிள்ளையின் சொந்த மின்னஞ்சலில் இருக்க வேண்டும். முகவரின் மின்னஞ்சலில் திறந்த கணக்கால், கூடுதல் ஆவணம் கேட்டு வந்த கடிதத்தை நாள் கடந்தபிறகே பார்த்த ஒரு குடும்பம் என்னிடம் வந்திருக்கிறது. அதற்குள் மறுப்பும் வந்துவிட்டது. இனி எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும், முன்பு மறுக்கப்பட்டதுண்டா என்ற கேள்விக்கு அந்தப் பெண் 'ஆம்' என்றுதான் எழுத வேண்டும்.

நோட்டுப் புத்தகத் தந்தை தேநீரைக் குடிக்கவே இல்லை. பக்கத்தில் கோடு போட்டு, புதுத் தொகைகளை எழுதி, கழித்துப் பார்த்தார். வாழ்க்கைச் செலவில் மட்டும் 5,205 டாலர் கூடுதல். ஊரில் வைத்திருக்கும் வைப்புத் தொகையை முதிர்வுக்கு முன்பே எடுக்கலாமா என்று மகனிடம் கேட்டார். பையன் வார இறுதி விடுப்பில் ஐஇஎல்டிஎஸ் மறுபடி எழுதப் பதிந்துகொண்டான். நெடுநாள் வெளிநாட்டில் இருக்கப்போவதால் தேசிய சேவையாளர் எடுக்க வேண்டிய வெளியேற்ற அனுமதியையும் நினைவுபடுத்தினேன்.

150 சொல் பதில்கள்தான் மிச்சம். ஏன் மின்னணுப் பொறியியல் என்று கேட்டேன். தணியாத ஆர்வம் என்றான். முகாமில் என்ன வேலை என்று கேட்டேன். தொடர்புப் பிரிவாம். மழையில் நனைந்த வானொலிக் கருவி ஒன்று பயிற்சி நடுவே செத்துப்போனதையும், சார்ஜென்ட் அதைக் கழற்றிக் காட்டியதையும், தனக்கு அதில் பாதிதான் புரிந்ததையும் பத்து நிமிடம் சொன்னான். இதையே எழுது என்றேன். "இதெல்லாம் எழுதலாமா மேடம்?" என்றான். முகாமின் பெயர், கருவியின் விவரம் எதுவும் வேண்டாம், உனக்குப் புரியாத பாதியை மட்டும் எழுது என்றேன்.

கிளம்பும்போது தந்தை திரும்பி வந்தார். சின்னவன் உயர்நிலை மூன்றில் படிக்கிறானாம். புதுப் பக்கத்தைத் திருப்பினார்.

"அவனுக்கும் இப்பவே எழுதிக்கிறேன் மேடம். சொல்லுங்க."

"எழுதாதீங்கண்ணே" என்றேன்.